பெரியப்பாவின் மேடான் கணக்கு

குவாத்தமாலா எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களைச் சமாளித்துவிடலாம். மெக்சிகோவுக்குக் கீழே என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். "அங்க இருக்கிறதுல எது மேடான்ல இல்ல?" என்று கேட்கிறவரைத்தான் சமாளிக்க முடிவதில்லை. மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் என் பெரியப்பா அப்படித்தான் கேட்டார். மேடான், மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் இந்தோனேசியாவின் சுமத்ராவில் இருக்கும் நகரம். கேட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. நாங்கள் விமானச் சீட்டும் எடுத்துவிட்டோம். ஆனாலும் அன்று நான் அவருக்குச் சொன்ன பதில் எதுவும் எனக்கே திருப்தியாக இல்லை. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஒரு பதில் கிடைத்தது. அது கிடைத்தபோது எங்கள் பயணத் திட்டம் தலைகீழாகிவிட்டது.

என் மனைவி பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஆகவே எங்கள் வீட்டில் நீண்ட பயணம் என்றால் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைதான், வேறு மாதத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எனக்குக் காடு வேண்டும். அவளுக்கு, யாரும் "டீச்சர்" என்று கூப்பிடாத ஓர் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எரிமலை இரண்டு பேருக்கும் பொதுவான ஆசை. தீபகற்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. நம் மலைகள் பச்சையாக, சாதுவாக நிற்கின்றன. சபாவில் தாவாவ் பக்கம் இருக்கும் எரிமலைகளும் எப்போதோ அடங்கிப்போனவை. காடு, எரிமலை, ஏரி. மூன்றும் ஒரே பயணத்தில் கிடைக்கிற நாடு எது என்று உலகப் படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தோம்.

முதலில் உகாண்டாவும் ருவாண்டாவும் வந்தன. விருங்கா எரிமலைத் தொடர், புவிண்டிக் காடு, புன்யோனி ஏரி எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆனால் கொரில்லாக்களோடு ஒரு மணி நேரம் நிற்பதற்கு உகாண்டாவில் ஆளுக்கு 800 அமெரிக்க டாலர், ருவாண்டாவில் 1,500. அதை மலேசிய வெள்ளியாக மாற்றிப் பார்த்ததும் தாளை மூடிவிட்டோம். ஈக்குவடோருக்குப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் நம் ஊருக்குள் திரும்பி வருவது சிக்கல். ஊசிக்குப் பயந்து நாட்டை மாற்றிய குடும்பம் என்று என் தம்பி இன்னமும் கேலி செய்கிறான். கோஸ்டா ரிக்காவின் அரேனால் 1968இல் வெடிக்கத் தொடங்கி 2010 வரை நெருப்புக் காட்டிய மலை, இப்போது ஓய்ந்து கிடக்கிறது. கடைசியில் குவாத்தமாலா நின்றது. வடக்கே பெத்தென் காட்டுக்குள் திக்கால் என்ற பழைய மாயா நகரம், நடுவில் எரிமலைகள், அவற்றின் காலடியில் அட்டித்லான் ஏரி.

பாதைதான் தலைவலி. பசிபிக்கைத் தாண்டி லாஸ் ஏஞ்சலிஸ், ஹூஸ்டன் வழியாகப் போகலாம் என்றால், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்காவில் விமானம் மாறி ஏறுவதற்கே விசா வேண்டும். அதற்காகக் கோலாலம்பூருக்கு நேர்காணலுக்குப் போய்வர அவளுக்கு விடுப்புக் கிடைக்காது. ஆகவே ஐரோப்பா வழி. மாட்ரிட்டிலிருந்து குவாத்தமாலா நகரத்துக்கு ஐபீரியா பறக்கிறது. ஷெங்கன் நாடுகளில் குறுகிய காலம் தங்க நமக்கு விசா தேவையில்லை. இஸ்தான்புல்லிலிருந்து மெக்சிகோ நகரம் போகும் வழியையும் பார்த்தோம். அந்த விமானம் திரும்பும்போது கான்கூனில் இறங்கி ஏறித்தான் வருகிறது. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், இஸ்தான்புல் வரைக்குமான எண்ணெயையும் ஆட்களையும் சேர்த்துச் சுமந்துகொண்டு விமானம் கிளம்புவது கடினம். இதைப் படித்தபோது விமானத்தின் பிரச்சினை என்றுதான் கடந்து போனேன். எங்கள் நுரையீரலுக்கும் இதே கணக்கு உண்டு என்பது அப்புறம்தான் உறைத்தது.

கிராணியார் போட்ட கோடு

பெரியப்பா தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கோடு போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. நாங்கள் போயிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா மீன் கறி வைத்திருந்தார். குவாத்தமாலாப் பேச்சை எடுத்தவள் என் மனைவி. கைப்பேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். பெரியப்பா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் பார்த்தார். அப்புறம் எழுந்து போய், சுவரில் தொங்கிய நாள்காட்டியில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, தாளின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் குவாத்தமாலா, வலப்பக்கம் மேடான்.

"காடுன்னு சொன்னே. சரி. இந்தப் பக்கம் புக்கிட் லாவாங். ஒராங் ஊத்தான் இருக்கு. அங்க இருக்கா?"

"இல்ல, பெரியப்பா. ஊளையிடுற கொரங்கு இருக்கு."

"எழுதிக்கிறேன்." உண்மையிலேயே எழுதிக்கொண்டார். "எரிமலை. பெராஸ்தாகியில சிபாயாக். விடியக்காலையில ஏறுனா பசியாறுறதுக்குக் கீழ வந்துடலாம். பக்கத்துலயே சினாபோங் வேற நிக்குது. ஏரி. தோபா. அதுக்கு மேல ஒரு ஏரி எங்கடா இருக்கு?"

அடுத்த வரிசை பயண நேரம். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இடப்பக்கம் என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளுன்னு போட்டுக்குங்க" என்றேன். செலவு என்ற வரிசைக்கு வந்தபோது என் மனைவி பெரியம்மாவுக்கு உதவப் போவதாகச் சொல்லி அடுப்படிக்கு நழுவிவிட்டாள்.

அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. பினாங்கிலிருந்து பெலாவானுக்குக் கப்பல் ஓடிய காலத்தில், தொண்ணூறுகளில், நண்பர்களோடு போய்வந்தவர். மேடானில் கம்போங் மெட்ராஸ் என்கிற தமிழர் பகுதியில் 1884இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. டெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் சனங்களின் கோயில் அது. அந்தக் கோயில் வாசலில் நின்று எடுத்த படம் இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது. "மேற்குக் கரையில பாரூஸ் இருக்கு பாரு, அங்க ஐந்நூற்றுவர்ங்கிற வணிகர் கூட்டம் தமிழ்ல கல்வெட்டு வெச்சிருக்கான். 1088. நம்மாளு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே போன எடத்த நீ இன்னும் பாக்கல. குவாத்தமாலாவுக்குப் போறே." காட்டுக்குள் பழைய கோயில் என்று நான் திக்காலை இழுத்தேன். அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. அவர் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கிருக்கும் பழைய கோயிலான சண்டி புக்கிட் பத்து பகாட்டை நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. அவருக்கு அதன் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

"அனுபவம் வேற மாதிரி இருக்கும், பெரியப்பா" என்றேன். "வாழ்க்கையில ஒரு தடவைதானே" என்றேன். இரண்டையும் சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. எந்தச் சுற்றுலா விளம்பரமும் சொல்வதுதான் இது. அவர் மறுத்துப் பேசவில்லை. தாளை நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்து, "போறதுன்னா போங்க. எதுக்குப் போறோம்னு தெரிஞ்சு போங்க" என்றார். அந்தத் தாள் இன்றைக்கும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

லெங்கோங் சாம்பல்

சில வாரம் கழித்து பெலும் காட்டுக்குப் போகிற வழியில் லெங்கோங்கில் இறங்கினோம். பேராக் மனிதனின் எலும்புக்கூடு கிடைத்த பள்ளத்தாக்கு அது. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெரும்பாலானோர் அந்த எலும்புக்கூட்டுக்காகத்தான் நிற்பார்கள். என்னை நிறுத்தியது கோத்தா தம்பான் பற்றிய பகுதி. கற்கருவி செய்த ஆட்கள் அங்கே ஒரு பட்டறை வைத்திருந்திருக்கிறார்கள். உடைத்த கல்லும் உடைக்கப் பயன்படுத்திய கல்லும் போட்டது போட்டபடி கிடக்க, மேலே எரிமலைச் சாம்பல் மூடியிருக்கிறது. அந்தச் சாம்பல் தோபாவிலிருந்து வந்தது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா வெடித்து, சுமார் 2,800 கன கிலோமீட்டர் பாறைக்குழம்பைக் கக்கியது. சாம்பல் மலாக்கா நீரிணையைத் தாண்டிப் பேராக்கில் விழுந்தது. வங்கக் கடலையும் தாண்டி ஆந்திரத்தில் ஜ்வாலாபுரம் வரைக்கும் போயிருக்கிறது. வெடித்த மலை உள்வாங்கி உண்டான பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான் பெரியப்பா சொன்ன ஏரி.

அட்டித்லானும் இப்படித்தான் பிறந்தது என்று முன்பு எங்கோ மேலோட்டமாகப் படித்திருந்தேன். அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து மறுபடி தேடினேன். லோஸ் சொக்கோயோஸ் என்று அந்த வெடிப்புக்குப் பெயர். அதன் சாம்பல் வடக்கே ஃபுளோரிடா வரை, தெற்கே ஈக்குவடோர் வரை கிடைத்திருக்கிறது. காலம்? 84,000 ஆண்டுகளுக்கு முன் என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். அண்மைக் கணிப்பு அதை 75,000க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அதாவது உலகத்தின் இந்தப் பக்கத்தில் ஒன்றும் அந்தப் பக்கத்தில் ஒன்றுமாக, பூமியின் வயதுக்கு நேற்று முன்தினம் என்று சொல்லக்கூடிய இடைவெளியில், இரண்டு மலைகள் வெடித்து உட்கார்ந்து இரண்டு ஏரிகளாயின. தோபா நூறு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் ஆழம். அட்டித்லான் சிறியது, ஆழம் முந்நூறு மீட்டரைத் தாண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பெரியப்பாவின் தாளில் ஏரி என்ற வரிசை பெயரளவில் மட்டும் சமம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறப்பிலும் சமமாக இருக்கிறதே! அதுவும் தோபாவின் ஒரு கைப்பிடி, நான் நின்றுகொண்டிருந்த பேராக் மண்ணிலேயே கிடக்கிறது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவர் போட்ட கணக்கில் பிசகு இல்லை. அவருக்கு நாங்கள் கொடுத்த தலைப்புகள்தான் அந்த விடையைத் தந்தன. காடு, எரிமலை, ஏரி என்று கேட்டால் பக்கத்தில் இருப்பதுதான் எப்போதும் ஜெயிக்கும், ஜெயிக்கவும் வேண்டும். சுற்றுலா நிறுவனங்கள் இப்படித் தலைப்புப் போட்டு விற்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு நாட்டில் விலை ஏறினால் அதே தலைப்பில் வேறு நாட்டைச் செருகிவிடலாம். நாங்களும் அப்படித்தான் ஐந்து நாடுகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்திருந்தோம்.

ஆகவே தலைப்புகளை அடித்துவிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் பெரியப்பா கேட்ட கேள்வியையே கேட்டோம். நீரிணையைத் தாண்டினால் கிடைக்காதது இதில் என்ன?

காட்டில் ஆரம்பித்தோம். எனக்கு அது வலித்தது. பெத்தென் காட்டில் கார்மெலிட்டா என்ற ஊரிலிருந்து எல் மிராடோர் என்ற பழைய மாயா நகரத்துக்கு நடந்து போய்வர ஐந்து நாள் ஆகும். கோவேறு கழுதைகள் சாமான் சுமக்கும். அதைத்தான் நான் ஆசை ஆசையாக வைத்திருந்தேன். ஆனால் வெறும் காடாகப் பார்த்தால், 4,343 சதுர கிலோமீட்டர் தாமான் நெகாராவை வீட்டில் வைத்துக்கொண்டு, அட்டைக்கடி பட்டு வளர்ந்தவன் அத்தனை தூரம் போய் மரத்தைப் பார்க்க வேண்டுமா? சுண்ணாம்புக்கல் நிலத்தில் வளர்ந்த அந்தக் காடு நம்முடையதைவிட உயரத்தில் குறைவு, மழையிலும் குறைவு. ஐந்து நாள் நடையை எடுத்துவிட்டேன். திக்காலை எடுக்கவில்லை. அங்கே காடு மூடிக்கிடப்பது ஒரு நகரம். அங்கே முதலாம் கோயில் என்று எண்ணிட்டு அழைக்கும் கோயில் எழுந்தது 732 வாக்கில், காஞ்சியில் ராஜசிம்மன் கைலாசநாதர் கோயிலைக் கட்டி முடித்த தலைமுறையில். நான்காம் கோயில் 741 வாக்கில், ஏறத்தாழ 65 மீட்டர். தஞ்சை விமானத்தின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிகர், ஆனால் அதற்கு இரண்டரை நூற்றாண்டு முந்தியது. சக்கரத்தை வண்டிக்குப் பயன்படுத்தாத, பாரம் இழுக்கும் விலங்கில்லாத மக்கள் அதை எழுப்பியிருக்கிறார்கள். 2018இல் விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசிக் காட்டை ஊடுருவிப் பார்த்தபோது, பெத்தென் பகுதியில் அதுவரை தெரியாத 60,000க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் தெரிந்தன. பூஜாங் பள்ளத்தாக்கின் மேல் எனக்கு எவ்வளவு பற்று இருந்தாலும் இந்த அளவு அங்கே இல்லை. பெரியப்பாவும் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

எரிமலை வரிசையில் மேடான் தோற்றது. சிபாயாக்கில் கந்தகப் புகை வரும், அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம், அவ்வளவுதான். சினாபோங் நானூறு ஆண்டு தூங்கி 2010இல் விழித்து, 2014இல் ஆட்களைக் கொன்று, சுற்றியிருந்த ஊர்களைக் காலி செய்யவைத்த மலை. அதில் ஏற விடமாட்டார்கள், விடவும் கூடாது. மேற்குச் சுமத்ராவின் மாராப்பி 2023 டிசம்பரில் மேலே ஏறியிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது நினைவிருக்கும். குவாத்தமாலாவில் அமைப்பே வேறு. ஃபுவேகோ வெடிக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு கணவாய் இடைவெளியில் அக்காத்தெனாங்கோ என்ற இன்னொரு மலை, 3,976 மீட்டர், ஃபுவேகோவைவிட இருநூறு மீட்டர் உயரமாக நிற்கிறது. அதில் 3,600 மீட்டர் உயரத்தில் கூடாரம் போட்டு இரவெல்லாம் எதிர்மலையின் நெருப்பைப் பார்க்கலாம். நல்ல நாளில் கால் மணிக்கு ஒரு தடவை வெடிக்கும். நடுநடுவே ஓய்ந்தும் போகும், அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்தோனேசியாவிலேயே கிழக்கே தள்ளிப் போனால் இப்படி நெருப்புக் காட்டும் மலைகள் உண்டு. அதைப் பெரியப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஏரி வரிசை சமம். அடித்துவிட வேண்டியதுதான் என்று நான் பேனாவை எடுத்தேன்.

டீச்சரின் வாதம்

"ஏரிய எடுத்தா நான் வரல" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து விளக்கினாள்.

எல்லாத் திட்டங்களிலும் ஏரி கடைசியில் வருகிறது. அந்திகுவா நகரம், எரிமலை, திக்கால் எல்லாம் முடித்துவிட்டுக் களைத்துப்போய் அட்டித்லானில் விழ வேண்டும். எங்கள் முதல் திட்டமும் அதுதான். அவள் கேட்டது: "களைப்பு ட்ரிப்லயா வருது? நவம்பர் முழுக்க மதிப்பெண், அறிக்கை, ஆண்டு விழான்னு ஓடிட்டு, பள்ளி மூடுன மறுநாள் ப்ளேன் ஏறுறவ நான். அங்க எறங்கும்போதே செத்துத்தான் எறங்குவேன். அந்த நெலமையில மலை ஏறச் சொல்றீங்க. ஏறி முடிச்ச அப்புறம் ஓய்வெடுத்து யாருக்குக் காட்டப் போறேன்? ஊருக்கு வந்து ஓய்வெடுக்கலாமே."

குவாத்தமாலாவுக்கும் நமக்கும் பதினான்கு மணி நேர வித்தியாசம். நம் நள்ளிரவு அங்கே காலை பத்து மணி. பகலும் இரவும் ஏறக்குறைய முழுசாக இடம் மாறிக்கொள்ளும் ஊருக்கு, இரண்டு நாள் விமானத்தில் கசங்கிப் போய் இறங்குகிறோம். வழக்கமான திட்டப்படி மறுநாளோ அதற்கடுத்த நாளோ அக்காத்தெனாங்கோ. அந்திகுவா இருப்பது 1,500 மீட்டரில். அங்கே தூங்கி எழுந்தவன் அன்றிரவு 3,600 மீட்டரில் தூங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் தூங்கும் உயரத்தைக் கூட்டுங்கள் என்பதுதான் மலை மருத்துவம் சொல்லும் பொது விதி. கினபாலு ஏறியபோது 3,272 மீட்டரில் இருக்கும் பனாலாபானில் இரவு தங்கினோம். நான் வாந்தி எடுத்துக்கொண்டே மேலே பார்க்க, அவள் மாத்திரை போட்டுக்கொண்டு கீழே பார்த்தாள். அப்படிப்பட்ட நாங்கள் கினபாலுவுக்கு முன்னால் கோத்தா கினபாலுவில் கடல் மட்டத்தில்தான் தூங்கியிருந்தோம் என்பதை அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

அட்டித்லான் 1,560 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போனால் கெட்சால்தெனாங்கோ, ஊர்க்காரர்கள் ஷேலா என்று கூப்பிடும் நகரம், 2,330 மீட்டர். அதற்கு எதிரே சாந்தா மரியா எரிமலை. 1902இல் அது வெடித்தது இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. 1922இலிருந்து அதன் விலாவில் சாந்தியாகுயித்தோ என்று ஒரு குட்டி மேடு வளர்ந்து புகைந்துகொண்டே இருக்கிறது. ஏரியில் சில நாள், ஷேலாவில் சில இரவு, அப்புறம் அக்காத்தெனாங்கோ என்று வைத்தால், உடம்பு படிப்படியாக உயரம் பழகும், தூக்கமும் நேராகும். திக்கால் கடைசி. அது தாழ்நிலம், வெக்கை, கொசு. நம் ஊர் மாதிரிதான் இருக்கும். அங்கே பழகுவதற்கு எதுவும் இல்லை. ஃபுளோரெஸ் தீவு ஊரிலிருந்து தலைநகருக்கு ஒரு மணி நேர விமானம் இருக்கிறது, அப்படியே ஊர் திரும்பலாம்.

ஆக, பார்க்க வேண்டிய இடம் என்ற கணக்கில் தோபாவோடு சமமாகி விழுந்த ஏரி, எரிமலைக்குத் தேவையான மருந்து என்ற கணக்கில் திட்டத்தின் தலையில் ஏறி உட்கார்ந்தது. அதற்கப்புறம் ஏரியைப் பற்றி நாங்கள் படித்ததும் வேறு விதமாகிவிட்டது. முன்பெல்லாம் எந்தக் கிராமம் அழகு என்று பார்த்தோம். இப்போது எங்கே சத்தம் இல்லை என்று பார்த்தோம். பனஹாச்செல் பேருந்தும் கடைத்தெருவுமான ஊர். சான் பெத்ரோவில் இரவு முழுக்கப் பாட்டு. சான் மார்க்கோஸில் யோகாவும் தியானமும் விற்கிறார்கள். பினாங்கிலிருந்து போய் அதை டாலரில் வாங்க எங்களுக்கு மனமில்லை. சாந்தா குரூஸ் பக்கம் படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஒரு சின்ன விடுதியைப் பிடித்தோம். மதியத்துக்கு மேல் ஷொக்கோமில் என்ற காற்று கிளம்பி ஏரியைக் கலக்கிவிடும் என்பதால் காலையிலேயே படகேற வேண்டும். நீர்மட்டமும் நிலையாக நிற்காது. வெளியேறும் ஆறு கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் இல்லாத ஏரி என்பதால் மழைக்கு ஏற்ப ஏறும், இறங்கும். கரையோர வீடுகள் பல மூழ்கியிருக்கின்றன. 2009இல் பாசி படர்ந்து தண்ணீரே நிறம் மாறியது. கழிவுநீர் இன்னும் கலக்கிறது. ஆகவே பெரிய ஊர்களை ஒட்டிக் குளிப்பதில்லை என்று முடிவு. தோபாவிலும் மீன் வளர்ப்புக் கூண்டுகளால் தண்ணீர் கெடுகிறது என்று இதே பேச்சுத்தான். அதிலும் இரண்டும் சமம்.

இன்னும் தீராதது

இப்போது வார இறுதிகளில் பயிற்சி நடக்கிறது. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படியை அவள் என்னைவிட வேகமாக ஏறுகிறாள். பூமலையிலிருந்து கொடிமலைக்கு ஜீப் பாதையில் ஏறிப் பார்த்தோம். செங்குத்து, வெயில், பாதி வழியில் குரங்கு. அதுவே எழுநூறு மீட்டர் ஏற்றம்தான். லா சொலேதாத்திலிருந்து அக்காத்தெனாங்கோ முகாமுக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர், அதுவும் எரிமலைச் சரளையில். குளிரைத்தான் இங்கே பழகிப் பார்க்க வழியில்லை. 2017 ஜனவரியில் அந்த மலையில் உள்ளூர் ஆட்களே ஆறு பேர் குளிரில் இறந்திருக்கிறார்கள். டிசம்பர் வறண்ட காலம், வானம் தெளிவாக இருக்கும், ஆனால் இரவில் உறைநிலைக்குப் போகும். கேமரன் மலைக்கு எடுத்துப்போகும் கம்பளிச் சட்டை அங்கே செல்லாது. காப்புறுதி வாங்கப் போனபோது, நாங்கள் முதலில் பார்த்த திட்டம் 3,000 மீட்டருக்கு மேல் நடந்தால் பணம் தராது என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வேறொன்று தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. மலைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தை முதலில் படித்துவிடுங்கள்.

ஒரு விசயம் மட்டும் இன்னும் தீரவில்லை. முகாமிலிருந்து சாயங்காலம் கணவாயில் இறங்கி, ஃபுவேகோவின் முதுகுத் தண்டு மாதிரி நீளும் மேட்டில் ஏறி, இன்னும் கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டு இருட்டில் திரும்ப ஒரு கூடுதல் நடை உண்டு. எனக்குப் போக வேண்டும். அவளுக்கு நான் போகக்கூடாது. 2018 ஜூன் 3ஆம் தேதி இதே ஃபுவேகோ சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்ற கிராமத்தை ஒரு மதியத்தில் மூடியது. பலநூறு பேர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். அவர்கள் மலை ஏறப் போனவர்கள் அல்ல, வீட்டில் இருந்தவர்கள் என்று அவள் சொல்கிறாள். அதற்காகத்தான் முகாம் தனி மலையில் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து பார்த்தால் தெரியாதா என்பது அவள் கேள்வி. மேட்டில் ஏறினால் இன்னும் சத்தமாகக் கேட்கும் என்பதைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி பதில் இல்லை. இன்சிவுமே என்ற அவர்களுடைய எரிமலைக் கண்காணிப்பு நிறுவனம் அன்றன்று அறிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்து முகாமில் முடிவு செய்துகொள்ளலாம் என்று தற்காலிகமாகச் சமாதானம் ஆகியிருக்கிறோம். அறிக்கையை அவள் படிப்பதாக ஏற்பாடு. ஸ்பானிய மொழிப் பாடத்தில் இப்போதைக்கு அவள்தான் முன்னால் இருக்கிறாள்.